தான் உகந்த உடல், தமர் உகந்த உடல்

ராமானுஜருக்கு மூன்று திருமேனிகள் உண்டு என்று வைணவர்கள் சொல்வார்கள். அவர் பிறந்த ஸ்ரீபெரும்புதூரில் இருப்பது ‘தான் உகந்த திருமேனி’. அவர் உயிரோடு இருந்த காலத்திலேயே செய்த சிலை. அதை அவரே மார்போடு தழுவிக்கொண்டார் என்பது நம்பிக்கை. கர்நாடகத்தின் மேல்கோட்டையில் இருப்பது ‘தமர் உகந்த திருமேனி’. அங்கே பல ஆண்டுகள் தங்கிவிட்டு ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பக் கிளம்பியபோது, பிரிய மனமில்லாத சீடர்கள் கேட்டு வைத்துக்கொண்டது. மூன்றாவது ஸ்ரீரங்கத்தில், உடையவர் சன்னதியில். அதற்குப் பெயர் ‘தானான திருமேனி’. அது சிலை இல்லை, 1137-இல் மறைந்த ராமானுஜரின் உடலேதான், உட்கார்ந்த நிலையில் அப்படியே இருக்கிறது என்கிறது மரபு. ஆண்டுக்கு இரண்டு முறை பச்சைக் கற்பூரமும் குங்குமப்பூவும் சேர்த்த காப்பு சாற்றுகிறார்கள்.

திருச்சியில் இன்ஜினியரிங் படித்த நாலு வருஷத்தில் அந்தச் சன்னதிக்குப் பலமுறை போயிருக்கிறேன். வரிசையில் நிற்கிற பலருக்கு இந்த விஷயம் தெரியாது. உடையவரைச் சேவித்துவிட்டு அடுத்த சன்னதிக்கு நகர்ந்துவிடுவார்கள். தெரிந்தவர்கள் மட்டும் ஒரு நொடி கூடுதலாக நிற்பார்கள். அந்த ஒரு நொடியில் அவர்கள் என்ன தேடுகிறார்கள் என்பதுதான் எனக்கு ரொம்ப நாளாக இருக்கிற கேள்வி.

தான் உகந்தது, தமர் உகந்தது, தானானது. இறந்தவரின் உடலை ஏன் வைத்துக்கொள்கிறோம் என்று யோசிக்க இவ்வளவு கச்சிதமான சொற்கள் வேறெங்கும் எனக்குக் கிடைக்கவில்லை. ஆசைப்பட்டது யார், போனவரா, இருப்பவர்களா? உள்ளே இருப்பது அவர்தானா? உலகம் முழுக்கக் கண்ணாடிப் பெட்டிகளில் கிடக்கும் பிரபலமான உடல்களிடம் இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

*

கோவாவில் இருக்கிற புனித சவேரியார் நமக்கு அந்நியர் இல்லை. 1542 மே மாதம் கோவாவில் வந்து இறங்கியவர், அதே ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்துவிட்டார். தமிழ் தெரியாத மனிதர், தெரிந்தவர்களை உட்காரவைத்து ஜெபங்களைத் தமிழாக்கச் செய்து, அதை மனப்பாடம் பண்ணி, கையில் மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனார். மணப்பாட்டில் அவர் தங்கியதாகச் சொல்லும் குகையில் இன்றும் கூட்டம் இருக்கிறது. கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்காக டிசம்பர் 3-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டத்துக்கே விடுமுறை.

அவர் இறந்த நாள் அது. 1552-இல் சீனக் கரையை ஒட்டிய சான்சியான் தீவில், சீனாவுக்குள் நுழையக் காத்திருந்தபோது காய்ச்சலில் இறந்தார். பெட்டிக்குள் சுண்ணாம்பைக் கொட்டிப் புதைத்தார்கள். சதை சீக்கிரம் அரித்துப்போனால் எலும்பை எடுத்துப்போவது சுலபம் என்ற கணக்கு. 1553 பிப்ரவரியில் தோண்டினால் உடல் கெடாமல் இருந்தது. மலாக்காவுக்குக் கொண்டுபோய் மறுபடி புதைத்து, மறுபடி தோண்டி, 1554 மார்ச்சில் கோவாவுக்குக் கொண்டுவந்தார்கள்.

அப்புறம் அந்த உடல் பட்டபாடு கொஞ்சநஞ்சமில்லை. கோவாவில் மக்கள் பார்வைக்கு வைத்தபோது, பக்தி மிகுந்த ஒரு போர்த்துகீசியப் பெண் பாதத்தை முத்தமிடுவதுபோல் குனிந்து விரலைக் கடித்து எடுத்துவிட்டார் என்பது நாலரை நூற்றாண்டாகச் சொல்லப்படுகிற கதை. 1614-இல் ரோமிலிருந்து வந்த உத்தரவின்படி வலது முன்கை வெட்டி எடுக்கப்பட்டது. அது இப்போது ரோமின் ஜேசு ஆலயத்தில் இருக்கிறது.

முறையான பொதுக்காட்சி 1782-இல்தான் ஆரம்பித்தது. அதன் காரணம் பக்தியைவிட நிர்வாகம் சார்ந்தது. 1759-இல் போர்த்துகல் அரசு ஏசுசபைக்காரர்களைத் தன் நாடுகளிலிருந்து வெளியேற்றியது. போகும்போது அவர்கள் உடலையும் எடுத்துப்போய்விட்டார்கள் என்று வதந்தி பரவ, ‘இதோ பாருங்கள்’ என்று திறந்து காட்ட வேண்டிவந்தது. ஒரு ஆடிட் மாதிரி. இன்று பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் பெருவிழா ஒரு சந்தேகத்தைத் தீர்க்கக் கிளம்பியது.

கடைசிக் காட்சி 2024 நவம்பர் 21 தொடங்கி 2025 ஜனவரி 5 வரை. பெங்களூரிலிருந்து பஸ் ஏறி நானும் போனேன். பாம் ஜீசஸ் பசிலிக்காவிலிருந்து எதிரே உள்ள செ கதீட்ரலுக்கு உடலை இறக்கி வைத்திருந்தார்கள். வரிசையில் எனக்கு முன்னால் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். மணிக்கணக்கில் நின்று கண்ணாடிப் பேழை முன்னால் போய்ச் சேர்ந்தால், கிடைப்பது சில விநாடி. சுருங்கிப்போன, கருத்த, ரொம்பச் சின்ன உருவம். பட்டு உடைகள்தான் அதைவிடப் பெரிதாகத் தெரிந்தன. வெளியே வந்ததும் அந்தக் குடும்பத்துப் பெரியம்மா சொன்னார்: “இம்புட்டுச் சின்ன மனுசன்தான் அவ்வளவு தூரம் நடந்திருக்காரு.” அவர் பார்த்தது அற்புதத்தை இல்லை, நடந்து தேய்ந்த ஒரு ஆளை. கோவாவில் நான் கேட்ட எல்லா விளக்கத்தையும்விட அது எனக்கு உண்மையாகப் பட்டது.

ஆனால் சவேரியாரை யாரும் கேட்கவில்லை. போகிற இடமெல்லாம் தன்னை மறைத்துக்கொள்ள முயன்ற துறவியின் உடல், தமர் உகந்து, தமர் பங்குபோட்டுக்கொண்ட உடல்.

*

மதத்தை ஒழிக்க வந்த புரட்சிதான் இந்த வழக்கத்தை இருபதாம் நூற்றாண்டுக்குக் கொண்டுவந்தது என்பது வரலாற்றின் வேடிக்கை.

லெனின் 1924 ஜனவரி 21-இல் இறந்தார். முதலில் சில நாள் மக்கள் பார்க்கட்டும் என்ற அளவில்தான் உடலைப் பக்குவப்படுத்தினார்கள். மாஸ்கோவின் பனி மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. கூட்டம் குறையவில்லை. ஜனவரி 30-இல் அவர் மனைவி குரூப்ஸ்காயா பிராவ்தா பத்திரிகையில் ஒரு வேண்டுகோள் வெளியிட்டார். உங்கள் துக்கத்தை வெளி ஆராதனையாக மாற்றாதீர்கள், அவர் பெயரில் நினைவுச்சின்னமும் மாளிகையும் வேண்டாம், குழந்தைகள் காப்பகமும் பள்ளியும் நூலகமும் மருத்துவமனையும் கட்டுங்கள் என்பது அதன் சாரம். கட்சி கேட்கவில்லை. மார்ச்சில் உடல் நிறம் மாறத் தொடங்கியதும் வோரோபியோவ், ஸ்பார்ஸ்கி என்ற இரு விஞ்ஞானிகள் நாலு மாதம் வேலை செய்தார்கள். ஆகஸ்ட் 1-இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

வேலை அன்றோடு முடியவில்லை. தோல் காயாமல் இருக்கக் கிளிசரினும் பொட்டாசியம் அசிடேட்டும் கலந்த கரைசலில் குறிப்பிட்ட இடைவெளியில் உடலை ஊறவைக்க வேண்டும். குழி விழுந்த இடத்தில் மெழுகு மாதிரியான பொருளை வைத்து நிரப்ப வேண்டும். மூளையும் உள்ளுறுப்புகளும் எப்போதோ வெளியே எடுக்கப்பட்டுவிட்டன. இரண்டாம் உலகப்போரில் உடலை ரயிலேற்றி சைபீரியாவின் தியூமெனுக்கு அனுப்பி, 1945-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். சோவியத் போனபிறகும் உடல் இருக்கிறது. 2016-இல் அதன் பராமரிப்புக்கு ரஷ்ய அரசு ஒதுக்கிய தொகை 1.3 கோடி ரூபிள்.

சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவர்களுக்கு இந்த நிலைமை நன்றாகவே புரியும். எழுதிய ஆட்கள் எல்லாம் போயிருப்பார்கள், பாதிப் பகுதியை மாற்றியாகிவிட்டது, யாருக்காக ஓடுகிறது என்று யாருக்கும் நிச்சயமில்லை. ஆனாலும் ‘ஆஃப் பண்ணிடலாம்’ என்று சொல்ல ஒருவருக்கும் தைரியம் வராது. அதனால் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பார்கள்.

தைரியம் வந்த இடங்களும் உண்டு. லெனினுக்குப் பக்கத்தில் 1953-இல் வைத்த ஸ்டாலினை 1961 அக்டோபர் 31 இரவில் வெளியே எடுத்துப் புதைத்தார்கள். பல்கேரியாவில் 1949-இல் இறந்த திமித்ரோவை, ஆட்சி மாறியதும் 1990-இல் எடுத்தார்கள். அவருக்கு ஆறே நாளில் கட்டிய மண்டபத்தை 1999-இல் இடித்தார்கள். உடலின் ஆயுள் ரசாயனத்தில் இல்லை, அதைக் காப்பவர்களின் ஆட்சியில்தான் இருக்கிறது.

எனக்கு அதிகம் உறுத்தியது ஹோ சி மின் கதை. 1969 செப்டம்பர் 2-இல் இறந்தவர், தன் உயிலில் தெளிவாக எழுதிவைத்திருந்தார்: என்னை எரித்துவிடுங்கள், சாம்பலை மூன்றாகப் பிரித்து வடக்கு, நடு, தெற்கு என்று நாட்டின் மூன்று பகுதிகளிலும் குன்றுகளில் வையுங்கள். கட்சி அந்தப் பகுதியை நீக்கிவிட்டு உயிலை வெளியிட்டது. முழு விவரம் 1989-இல்தான் மக்களுக்குத் தெரிந்தது. அதற்குள் 1975-இல் ஹனோயில் மண்டபம் திறந்து பதினாலு வருஷம் ஆகியிருந்தது. மாவோ கதையும் இதேதான். 1956-இலேயே தகனத்துக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவர், 1977 முதல் தியானன்மென் சதுக்கத்தில் கிடத்தப்பட்டிருக்கிறார்.

ஹனோய்க்கு நான் சுற்றுலாவாகப் போனேன். கேமரா கூடாது, பேசக் கூடாது, பாக்கெட்டில் கை வைக்கக் கூடாது, நிற்கவே கூடாது. இரண்டு இரண்டு பேராக நடந்துகொண்டே இருக்க வேண்டும். வெள்ளைச் சீருடைக் காவலர்கள், ஏசியின் குளிர், மங்கிய வெளிச்சத்தில் முகமும் கையும் மட்டும் தெளிவாக. என் முன்னால் ஒரு வியட்நாமியப் பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டே நடந்தார். அவர் அழுகை பொய்யில்லை. உள்ளே படுத்திருந்தவர் எழுதிவைத்த உயிலும் பொய்யில்லை. இரண்டும் ஒரே அறையில் இருந்தன.

அப்படியானால் தான் உகந்த உடல் என்று எதுவும் இல்லையா? ஒன்று இருக்கிறது. 1832-இல் இறந்த ஜெரமி பெந்தம் என்ற ஆங்கிலத் தத்துவவாதி, தன்னை மருத்துவ மாணவர்கள் முன் அறுத்துப் பாடம் நடத்தி, மிச்ச எலும்புக்கூட்டுக்குத் தன் உடையையே மாட்டி நாற்காலியில் உட்காரவைக்கும்படி உயிலில் எழுதினார். நண்பர்கள் அப்படியே செய்தார்கள். தலையைப் பதப்படுத்தியது மட்டும் விகாரமாகப் போய்விட, மெழுகுத் தலை வைத்தார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் மாணவர்கள் போக வர இன்றும் அவரைப் பார்க்கலாம். அங்கே வரிசையும் இல்லை, அழுகையும் இல்லை. ஆசைப்பட்டவருக்குக் கூட்டம் வரவில்லை. வேண்டாம் என்றவர்களுக்குக் கூட்டம் குறையவில்லை.

*

இதையெல்லாம் கம்யூனிஸ்ட் நாட்டுக் கிறுக்கு என்று ஒதுக்கவும் முடியவில்லை. மெரினாவில் எம்.ஜி.ஆர். சமாதிக் கல்லில் காதை வைத்து, உள்ளே அவர் கைக்கடிகாரம் ஓடும் சத்தத்தைக் கேட்கிற மக்களை நாம் பார்த்திருக்கிறோம். 2016 டிசம்பரில் ஜெயலலிதா உடல் ராஜாஜி அரங்கின் படிகளில் கிடந்தபோது கன்னத்தில் தெரிந்த புள்ளிகளைப் பற்றி ஊரே பேசியது. ‘எம்பாமிங்’ என்ற சொல் டீக்கடை வரைக்கும் வந்தது. 2018 ஆகஸ்டில் கருணாநிதி உடல் எங்கே போகும் என்பதை உயர்நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டியிருந்தது. மெரினாவில் கண்ணாடிப் பேழை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். உடல் இருக்கிற இடம் வேண்டும் என்ற பிடிவாதம் நமக்கும் உண்டு.

அதைவிடச் சின்ன அளவில் ஒவ்வொரு வீட்டிலும் இது நடக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் இப்போது எந்தத் துக்க வீட்டுக்குப் போனாலும் பந்தலுக்கு முன்னால் வருவது ஐஸ் பெட்டி. முன்பெல்லாம் காலையில் உயிர் போனால் பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுவார்கள். இப்போது துபாயிலிருந்தோ நியூஜெர்சியிலிருந்தோ மகன் வர வேண்டும். எங்கள் தாத்தா இறந்தபோது சித்தப்பா வந்து சேர இரண்டு நாள் ஆனது. பெட்டி உறுமிக்கொண்டே இருந்தது. கரண்ட் போகக் கூடாதென்று ஜெனரேட்டர் வேறு. வந்தவர்கள் கண்ணாடியில் படிந்த பனியைத் துண்டால் துடைத்துத் துடைத்து முகம் பார்த்தார்கள். அப்பத்தா மட்டும் பக்கத்தில் போகவில்லை. “தொட முடியாத மொகத்தப் பாத்து என்னத்துக்குய்யா?” என்றார். சித்தப்பா வந்து பெட்டியைத் திறந்ததும்தான் எழுந்து வந்து, கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதார்.

அந்தப் பெட்டி தாத்தாவுக்காக வந்ததில்லை. தூரத்தில் வேலைக்குப் போன எங்களுக்காக வந்தது. லெனினுக்கும் அதுதான். காத்திருக்க வேண்டியவர்கள் இருக்கிறவரை உடல் காத்திருக்கும். எங்கள் வீட்டில் காத்திருப்பு முடிந்தது, பெட்டியைத் திறந்தோம், இடுகாட்டுக்குத் தூக்கினோம். மாஸ்கோவில் அது நூறாண்டு தாண்டியும் முடியவில்லை.

*

உடல் இல்லாமல் நினைவுவைத்துக்கொள்ள ஒரு வழி இருந்தது. அது எங்கள் மாவட்டத்திலேயே கிடைத்தது.

ஆண்டிபட்டி வட்டத்தில் வைகைக் கரையில் புலிமான்கோம்பை என்ற ஊர். 2006-இல் தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே தமிழி எழுத்துள்ள நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கும் முந்தையவை. தமிழ்நாட்டில் கிடைத்த எழுத்துள்ள நடுகற்களில் மிகப் பழையவற்றில் அவை அடங்கும். அதில் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோள் பூசலில், அதாவது ஆநிரை கவர்ந்த சண்டையில், இறந்த தீயன் அந்தவன் என்ற ஆளுக்கு வைத்த கல். கம்பத்தைத் தாண்டி இருக்கிற கூடலூர்தான் அது என்று சொல்பவர்களும் உண்டு.

பேரரசன் இல்லை, மகான் இல்லை. மாட்டுச் சண்டையில் செத்த ஒரு ஆள். அவன் முகம் கல்லில் இல்லை. கல்லில் இருப்பது அவன் பெயர், அவன் செத்த இடம், செத்த காரணம். இரண்டாயிரம் வருஷமாக யாரும் கிளிசரின் தடவவில்லை. ஆனாலும் நான் இன்று அவன் பெயரை எழுதுகிறேன். தொல்காப்பியம் நடுகல்லுக்கு ஆறு படிகள் சொல்கிறது: கல்லைத் தேடிக் காண்பதில் ஆரம்பித்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவதில் முடிகிறது. அதில் உடலைப் பாதுகாக்கிற படி எதுவும் இல்லை.

அந்தப் பழக்கம் எங்கள் பள்ளத்தாக்கில் இன்னும் போகவில்லை. பென்னிகுக்கைப் பாருங்கள். 1887-இல் தொடங்கி 1895-இல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்த பொறியாளர். மேற்கே போய்க் கடலில் கலந்த தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பியதால்தான் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. அவர் 1911-இல் இறந்தார். உடல் இங்கிலாந்தில் கேம்பர்லிக்குப் பக்கத்தில் ஃப்ரிம்லி தேவாலயக் கல்லறையில் கிடக்கிறது. அதைப் பார்க்க வேண்டும் என்று இங்கே யாரும் ஏங்கியதில்லை. லோயர் கேம்பில் 2013-இல் மணிமண்டபம் வந்தது, தேனி பஸ் ஸ்டாண்டுக்கு அவர் பெயர் வைத்தார்கள், பாலார்பட்டியில் அவர் பிறந்த ஜனவரி 15-இல் பொங்கல் வைக்கிறார்கள், பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கிறார்கள். சாமி படங்களுக்கு நடுவே மீசை வைத்த அந்த வெள்ளைக்காரரின் படம் தொங்கும் வீடுகள் ஏராளம். ஜூன் மாதம் வாய்க்காலில் தண்ணீர் வருகிறபோது அவரை நினைக்க வேறொன்றும் தேவைப்படுவதில்லை. இதுதான் தமர் உகந்த திருமேனியிலேயே நல்லது என்று எனக்குத் தோன்றும். யாருடைய உயிலையும் இதற்காக மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் கணக்கு இன்னும் முடியவில்லை. அந்த அணையைப் பென்னிகுக் தன் கையால் கட்டவில்லை. காட்டுக்குள், மலேரியாவில், வெள்ளம் வந்து தற்காலிகத் தடுப்புகளை அடித்துப்போக, மறுபடி மறுபடி கல்லும் சுண்ணாம்பும் சுர்க்கியும் சுமந்தவர்கள் இருக்கிறார்கள். காய்ச்சலில் விழுந்தவர்கள் மேலேயே புதைந்தார்கள். ஒரு தடவை அப்பத்தாவிடம் கேட்டேன். “ஒங்க தாத்தாவோட தாத்தாவுக்கு ஒரு தம்பி. மேல வேலைக்குப் போனவரு, திரும்பி வரல. காச்சல்னு சொல்லுவாக” என்றார். பேர் என்ன என்றேன். “தெரியலய்யா. சொல்லக் கேட்டதில்ல.”

மாட்டுச் சண்டையில் செத்த அந்தவனுக்கு இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் பெயர் கிடைத்தது. நாங்கள் குடிக்கிற தண்ணீருக்காக நூற்று முப்பது வருஷத்துக்கு முன்னால் செத்த சொந்தப் பாட்டனின் பெயர் எங்களிடம் இல்லை. லெனினுக்கு உடல் இருக்கிறது, அவர் விரும்பிய சொல் இல்லை. பென்னிகுக்குக்குப் பெயர் இருக்கிறது, உடல் தேவைப்படவில்லை. இவர்களுக்கு இரண்டுமே இல்லை. கிடைத்தால் உடலை வைத்து என்ன செய்யப்போகிறோம், பெயர் போதும்.

எங்கள் பக்கத்தில் கல்லுக்குப் பஞ்சமில்லை. லோயர் கேம்ப் மண்டபத்துக்குப் பக்கத்திலேயே ஒன்றை நடலாம். அதில் எழுதப் பெயர்கள்தான் வேண்டும். சம்பளப் பதிவேடுகள் எந்தச் சுவடி அறையிலாவது இருந்தால் அங்கே தேட வேண்டும், இல்லையென்றால் வீடுகளில். கூடலூரிலோ, கம்பத்திலோ, உத்தமபாளையத்திலோ, சின்னமனூரிலோ உங்களுக்கு வயதானவர்கள் இருந்தால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: அணை வேலைக்குப் போய்த் திரும்பாத ஆள் நம்ம வம்சத்தில் யாராவது உண்டா, அவர் பேர் என்ன? சொன்னதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஐஸ் பெட்டி வீட்டுக்கு வந்தபிறகு கேட்க முடியாது.